வயிற்று உப்புசத்தை அலட்சியம் செய்யலாகாது

50 வயதைத் தாண்டிய ஒரு ஸ்திரீ, நாலு கவளம் உண்ட மாத்திரத்தில் வயிறு நிறைந்துவிட்டதென்று எழுந்துவிடுவதும், இடுப்பில் புடவை இறுகுகிறதென்று தளர்த்திக்கொள்வதும், அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செல்வதும் வாரக்கணக்கில் நீடிக்கையில், வாயுத் தொல்லையென்று ஓமத் தண்ணீரைக் கொடுத்து நாட்களைப் போக்குவது நம் குடும்பங்களில் வழக்கமாயிருப்பது மிகுந்த வேதனைக்குரிய விஷயம்.

இவை சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும்; வாயுத் தொல்லைபோல் தோன்றி ஏமாற்றுவது அந்நோயின் சுபாவம். சினைப்பையிலோ, பல சமயம் கருக்குழாயின் நுனியிலோ தோன்றி, முதல் நிலையில் அங்கேயே அடங்கியிருக்கும் அந்நோய், இரண்டாம் நிலையில் இடுப்புக்குழியின் அவயவங்களைப் பற்றி, மூன்றாம் நிலையில் வயிற்றின் உட்சவ்வெங்கும் விதை தூவினாற்போல் பரவி, நீர்கோக்கச் செய்து, நான்காம் நிலையில் நுரையீரலின் உறையையும் கல்லீரலின் உட்பகுதியையும் எட்டிவிடுகிறது. சினைப்பையோடு நிற்கையில் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். தூரத்துக்குப் பரவியபின்னரோ, ஏறத்தாழ 30 பேரே.

கருப்பைவாய்ச் சோதனை இந்நோயைக் காட்டிக்கொடுக்காது; காட்டுமென்று நம்பியிருப்போர் அநேகர். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2021இல் முடிவு வெளியிட்ட ஆராய்ச்சியிலும், அறிகுறியற்றோரை ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் சலித்தெடுப்பது மரணத்தைக் குறைக்கவில்லை. ஆகவே, அறிகுறியோடு வருபவளை அஜீரண மாத்திரையோடு அனுப்பிவிடாமல், தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததுண்டா என்று விசாரித்து, அன்றே சிஏ-125 என்னும் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக்கொடுப்பதை ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் கட்டாய நியதியாக்க வேண்டும்.