கலைவாணர் அள்ளிக் கொடுத்தது தப்பா? ஒரு காமெடியனோட கணக்கு நோட்டு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, தங்கமும் இல்ல. நம்ம புளியறைல என் சித்தப்பா மகன் ஒருத்தன் கேட்ட ஒரு கேள்வி. வீடியோல பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியல, அதான் எழுதுறேன்.

தம்பி தென்காசியில ஒரு பைக் ஷோரூம்ல வேலை பார்க்கான். சம்பளம் 17,000. சாயங்காலம் ஆச்சுன்னா ஆளே வேற. கோயில் கொடை, காதுகுத்து, கல்யாண ரிசப்ஷன்னு எங்க மைக் இருக்கோ அங்க நிப்பான். கூட ஒரு கூட்டாளி. மிமிக்ரி, குட்டிக் கதை, மாமியார் மருமகள், செக்போஸ்ட்ல மாட்டின லாரி டிரைவர் மலையாளம் பேசுறதுன்னு ஒன்றரை மணி நேரம் ஓட்டுவான். இரட்டை அர்த்தம் ஒன்னு கூட வராது. முன்வரிசையில பாய் விரிச்சு ஆச்சிமாரு, மடியில பேரப்பிள்ளைக. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி வேற எதைப் பேச முடியும்?

போன மாசம் வந்து உக்காந்தான். "அண்ணே, வேலைய விட்டுரலாம்னு பார்க்கேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஆறாயிரம் குடுக்கான். அங்க மாசம் பூரா நின்னாத்தான் பதினேழாயிரம்."

சரிடே, நோட்டை எடுன்னேன். ஆறாயிரத்துல கூட்டாளிக்கு 2,000 போயிருது. வண்டி, சாப்பாடு, மேக்கப் எல்லாம் சேர்த்து 800. கைக்கு 3,200. வருஷத்துக்கு எத்தனை மேடைன்னு கேட்டா "நாப்பது வரும்ணே"ங்கான். நாப்பதை 3,200 ஆல பெருக்கினா 1,28,000. சம்பளம் வருஷத்துக்கு 2,04,000. அதைத் தொடணும்னாலே 64 மேடை வேணும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டையும் நான் இன்னும் கணக்குல சேர்க்கவே இல்ல.

நம்ம பக்கத்துல கொடை சித்திரையில பிடிச்சு ஆவணி வரைக்கும் ஒரு ஓட்டம். ஐப்பசி, கார்த்திகைல மழை பிடிச்சா மேடையே கிடையாது. அதாவது இந்த 1,28,000 பன்னெண்டு மாசத்துக்குச் சமமா வராது, நாலஞ்சு மாசத்துல மொத்தமா கொட்டும். கொட்டும்போது நாம பணக்காரன்னு தோணும். அங்கதான் வில்லங்கமே.

தம்பிக்கும் அப்படித்தான் ஆச்சு. போன சீசன்ல வந்த அட்வான்ஸ் பூராவையும், ஆபரேஷனுக்குத் தவிச்ச ஒரு வில்லுப்பாட்டுக் கலைஞர் கையில குடுத்துட்டு வந்துட்டான். அடுத்த வாரமே மகளோட ஸ்கூல் ஃபீஸுக்குப் பொண்டாட்டி செயினை அடகு வச்சாச்சு. ஏம்டே இப்படின்னு கேட்டேன். "கலைவாணர் பிறந்த சீமைணே இது. கலைஞன்னா கை நீளணும்."

இந்தப் பதில்ல நான் கொஞ்சம் மாட்டிக்கிட்டேன். ஏன்னா பணத்தைப் பத்திப் பேசுற நிறைய பேரு, நானும் சேர்த்துத்தான், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை ஒரு பயமுறுத்துற உதாரணமாத்தான் காட்டியிருக்கோம். லட்சலட்சமா சம்பாதிச்சாரு, வாரி இறைச்சாரு, கடைசியில கஷ்டப்பட்டாரு, அதனால நீங்க எஸ்.ஐ.பி. போடுங்க. இப்படி மூணு வரியில அந்த மனுஷனை முடிச்சது எனக்கே இப்ப கூச்சமா இருக்கு. அவர் வாழ்க்கையை ஒரு தடவை ஒழுங்கா வரவு செலவாப் பார்த்தா கதை வேற மாதிரி தெரியுது.

நாகர்கோவில் ஒழுகினசேரியில 1908 நவம்பர் 29-ல பிறந்தவரு. ஏழைக் குடும்பம். டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டியிருக்காரு, நாடகக் கொட்டகையில சோடா வித்திருக்காரு. அப்புறம் வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழு, 1930-கள் நடுவுல சினிமா. (அப்ப நாகர்கோவிலும் திருவிதாங்கூர், நம்ம செங்கோட்டை, புளியறையும் திருவிதாங்கூர். ரெண்டும் ஒரே நாள்ல, 1956 நவம்பர் 1-ல தான் இந்தப் பக்கம் வந்துச்சு. அதனால தம்பி 'நம்ம சீமை'ன்னு சொல்றதுல தப்பில்ல. குற்றாலத்துல சாரல் விழா நடக்குற அரங்கத்துக்கும் கலைவாணர் பேருதான்.)

அவர் காமெடி எந்த வகைன்னு எல்லாருக்கும் தெரியும். மூடநம்பிக்கை, ஜாதி, குடி எல்லாத்தையும் குத்துவாரு, ஆனா குத்து வாங்கினவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டோட போய்ப் பார்க்கலாம். மனைவி டி.ஏ.மதுரமும் அவரும் ஜோடியா வர்ற காமெடிக்குன்னே படம் ஓடிச்சு.

அந்த நேரத்துலதான் இடி விழுந்துச்சு. 1944 நவம்பர்ல சென்னையில லட்சுமிகாந்தன் கொலை. எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைது. 1945-ல ஆயுள் தண்டனை. கேஸ் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. திரும்பி வந்து 1947 ஏப்ரல்ல உயர் நீதிமன்றம் விடுதலை பண்ணிச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல உள்ள இருந்திருக்காரு. உச்சத்துல இருந்த ஒருத்தருக்கு வருமானம் ஜீரோ, வக்கீல் செலவு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. இந்தக் கட்டத்தை நாம ஏன் சொல்றதே இல்ல? அள்ளிக் கொடுத்ததாலதான் கரைஞ்சாருன்னு சொல்றவங்க, இந்த ரெண்டரை வருஷத்தை எந்தப் பக்கத்துல எழுதுவாங்க?

அந்த நாள்ல குடும்பத்தைத் தாங்கினது மதுரம் அம்மா. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையோட என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினாங்க. இன்னைக்கு 'ரெண்டாவது வருமானம்'னு நாங்க ஸ்லைடு போட்டுச் சொல்ற விஷயத்தை அந்த அம்மா அப்பவே மேடை போட்டுச் செஞ்சிருக்காங்க.

வெளிய வந்தவரு முடங்கி உக்காரல. பம்மல் சம்பந்த முதலியார் 'கலைவாணர்' பட்டம் குடுத்தது 1947-ல தான். 1949-ல அண்ணா எழுதின 'நல்லதம்பி'. 1951-ல 'மணமகள்' அவரே இயக்கினாரு. 1952-ல 'பணம்'னு ஒரு படமே எடுத்தாரு, கலைஞர் வசனம், சிவாஜி ஹீரோ. சம்பாத்தியம் திரும்ப வந்துச்சு, கையும் திரும்ப நீண்டுச்சு. நாகர்கோவில் பூங்காவுல காந்திக்கு நினைவுத்தூண் கட்டினது அவர் சொந்தக் காசுல. அவர் குடுத்த கதை நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒன்னு இருக்கும். 1957 ஆகஸ்ட் 30-ல போய்ச் சேர்ந்துட்டாரு. வயசு 48. கடைசி காலத்துல பணக் கஷ்டம்.

என் கருத்து இதுதான். கொடுத்தது தப்பே இல்ல. அந்த ஈகைதான் அவர் பேரு இன்னைக்கும் நிக்க ஒரு காரணம். சிக்கல் எங்கன்னா, அடுப்புல வேகுற பானையும் அன்னதானப் பானையும் ஒன்னா இருந்ததுலதான். ஒரே பானைன்னா கேஸ் வந்தாலும் அதுல இருந்துதான் எடுக்கணும், நோய் வந்தாலும் அதேதான், கடன்காரன் கை வைக்கிறதும் அதுலதான். முதல்ல ஒரு பானையை யாரும் தொட முடியாத இடத்துல வச்சுட்டு, மிச்சத்தை மொத்தமா தானம் பண்ணினாக்கூட நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

யாரும் தொட முடியாத இடம்னா? இருக்கு. அதுவும் கலைவாணர் காலத்துக்கு முன்னாடியே இருந்துச்சு.

1874-ல வந்த திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம். ஏஜென்ட்டுங்க 'எம்.டபிள்யூ.பி.'ம்பாங்க. அதுல ஆறாவது பிரிவு. கல்யாணமான ஒரு ஆள் தன் உயிர் மேல எடுக்குற இன்சூரன்ஸ் பாலிசியை, இது என் மனைவி பலனுக்கு, இல்லைன்னா பிள்ளைங்க பலனுக்குன்னு பாலிசியிலேயே எழுதிட்டா, அது ஒரு டிரஸ்ட் ஆயிரும். அப்புறம் அந்தப் பணம் அவன் சொத்து இல்ல. கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் அதைக் கேட்க முடியாது. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு 1914-லேர்ந்தே இந்தப் பாதுகாப்பு பொருந்தும். அதாவது கலைவாணருக்கு அஞ்சு வயசு நடந்தப்பவே! அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லல. அந்தக் காலத்துல இதை யாரு வந்து சொல்லிக் குடுத்திருப்பா? இன்னைக்கே பாலிசி விக்கிறவங்கள்ல பாதிப் பேரு சொல்றதில்லையே.

ரெண்டு விஷயம் கவனிக்கணும். இதைப் பாலிசி எடுக்கும்போதே படிவத்துல டிக் பண்ணிக் குடுக்கணும், எடுத்து முடிச்ச அப்புறம் சேர்க்க முடியாது. கடன்காரனை ஏமாத்தணும்னே எடுத்ததுன்னு நிரூபிச்சா, அந்தப் பாலிசிப் பணத்துல இருந்தே அவன் தன் கடனைக் கேட்கலாம். அதனால கடன் வர்றதுக்கு முன்னாடி, நல்லா இருக்கும்போதே எடுக்கணும். இதே மாதிரி இன்னொன்னு பி.பி.எஃப். வருஷத்துக்கு 500 ரூபாயிலேர்ந்து ஒன்றரை லட்சம் வரைக்கும் போடலாம், 15 வருஷம். கடனுக்காக அதைக் கோர்ட் ஜப்தி பண்ண முடியாது. இன்கம் டாக்ஸ் பாக்கின்னா மட்டும் கதை வேற.

இப்ப வேலைய விடலாமாங்கிற கேள்விக்கு வர்றேன். இதுக்குத் தம்பிகிட்ட நான் சொன்ன ஆள் கிரேசி மோகன். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சுட்டு, சுந்தரம் கிளேட்டன்ல வேலை பார்த்துக்கிட்டே நாடகம் எழுதினவரு. 1976-ல 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்', 1979-ல சொந்தக் குழு. ஹீரோன்னா மாது, ஹீரோயின்னா ஜானகி. மூணு தலைமுறை ஒரே வரிசையில உக்காந்து பார்க்கலாம். சினிமாவுல பெரிய வசனகர்த்தா ஆன அப்புறமும் நாடகத்தை விடல, 2019 ஜூன்ல இறக்குற வரைக்கும். அவர் கணக்கை நான் எப்படிப் பார்க்கேன்னா, ஒரு தடவை எழுதின நாடகத்தை நூத்துக்கணக்கான தடவை போட்டாரு. எழுத்து அவர் சொத்து. கலைவாணருக்குப் படத்துக்குச் சம்பளம் வந்துச்சு, படம் வேற ஒருத்தர் சொத்து. திரும்பத் திரும்ப ஓடினாலும் நடிச்சவருக்கு வீட்டு வாசல்ல காசு வந்து விழாது.

சுத்தமான காமெடிக்கு இந்த ஒரு லாபம் கண்டிப்பா உண்டு. ஆபாசமாப் பேசுறவனை அந்த வருஷம் இளவட்டம் தூக்கி வச்சு ஆடும், அடுத்த வருஷம் கமிட்டிப் பெரியவரு "அவன் வேண்டாம்டே, பொம்பளைப் பிள்ளைக இருக்கு"ன்னு முடிச்சிருவாரு. தம்பியை ஒரே ஊர்ல நாலு வருஷம் தொடர்ந்து கூப்பிட்டிருக்காங்க. அதுதான் அவனோட ஃபிக்சட் டெபாசிட். ஆனா அதே ஜோக்கை யூடியூப்ல போட்டுட்டா அடுத்த ஊர்ல கூட்டம் முன்னாடியே சொல்லிரும். மேடையில பத்து வருஷம் ஓடுற சரக்கு போன்ல பத்து நாள் கூடத் தாங்காது. முழு நேரமா இறங்கினா புதுச் சரக்கு எழுதுறதே தனி வேலை, அதுக்குச் சம்பளம் கிடையாது.

இறங்கி ஜெயிச்சவங்க இல்லையான்னா இருக்காங்க. ராமநாதபுரத்துக்காரர் அலெக்ஸாண்டர் பாபு அமெரிக்காவுல சாஃப்ட்வேர் வேலையை விட்டுட்டு வந்து, பாட்டையும் சிரிப்பையும் கலந்து, 2019-ல 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்'னு அமேசான் பிரைம் வரைக்கும் போனாரு. அதையும் குடும்பத்தோட பார்க்கலாம். ஆனா தம்பி, அவர் பல வருஷம் அமெரிக்க சம்பளம் வாங்கின அப்புறம் குதிச்சாரு. நீ அடகுச் சீட்டைப் பையில வச்சுக்கிட்டு குதிக்கப் பார்க்க. கீழ தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பார்க்காம யாராவது பாலருவியில குதிப்பானா?

எல்லாரும் ஆறு மாசச் செலவைக் கையில வச்சுக்கோன்னு சொல்லுவாங்க. மேடைக்காரனுக்கு அது பத்தாதுங்கிறது என் கட்சி. 2020 மார்ச்ல மேடை நின்னது ஞாபகம் இருக்கா? அந்த வருஷக் கொடையும் போச்சு, அடுத்த வருஷமும் பாதி போச்சு. ஒரு முழு சீசன் போனா அடுத்த சீசன் வர்றதுக்கு ஒரு வருஷம். அதனால குறைஞ்சது பன்னெண்டு மாசச் செலவு, பேங்க்ல, தனிக் கணக்குல. அது சேர்ற வரைக்கும் பைக் வித்துக்கிட்டே சிரிக்க வைக்கட்டும்.

தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. வெளிய சாரல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. "அப்ப இனிமே யாருக்கும் குடுக்கக் கூடாதாண்ணே?"ன்னான். குடுடே, ஒவ்வொரு மேடைக்கும் 3,200-ல 300 ரூபாய எடுத்துத் தனி டப்பாவுல போடு, அதுக்குப் பேரு கலைவாணர் டப்பா, எவன் வந்து கேட்டாலும் அதுல இருந்து பூராவையும் குடு, டப்பா காலின்னா காலின்னு சொல்லுன்னேன். நாப்பது மேடைக்கு 12,000 வரும். மொதல்ல செயினைத் திருப்பணும், அப்புறம் டேர்ம் பாலிசி, எம்.டபிள்யூ.பி. டிக்கோட. இதான் வரிசை.

நேத்து போன் பண்ணினான். செயின் வந்துருச்சாம். டப்பாவுல 900 சேர்ந்துச்சாம், ஒரு நாதஸ்வரக்காரர் வந்து கேட்டாராம், குடுத்துட்டானாம். "டப்பா காலிண்ணே"ன்னு சொல்லிட்டு அவனே சிரிக்கான். பாலிசிப் படிவத்தை ஞாயித்துக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கேன்.