பால் பொங்கிய காலை

2024 நவம்பர் 16. கார்த்திகை முதல் தேதி. தஞ்சாவூர் கீழவாசல் டீக்கடையில், அன்றைக்குத்தான் மாலை போட்ட பையன் ஒருவன் பிஸ்கட் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருந்தான். “சாமி, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க” என்றேன். டெக்சாஸிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் நேரலை. காலையிலேயே நாங்கள் கூடியது மைக் டைசனுக்காக. அவருக்கு வயது 58. எதிராளி ஜேக் பால், 27, சேட்டை வீடியோ போட்டுப் பேர் வாங்கியவர்.

சண்டை என்னவோ சப்பென்றுதான் இருந்தது. மூன்று நிமிடச் சுற்றை இரண்டாகக் குறைத்திருந்தார்கள். டைசன் கையுறையைக் கடித்துக்கொண்டே நின்றார். எட்டுச் சுற்றில் அவர் விட்ட குத்துகளில் பட்டது 18. ரீல்ஸில் மண்ணைக் கிளறி மிரட்டிய காளை, திருக்கானூர்ப்பட்டி வாடிவாசலைத் தாண்டியதும் நேரே வீட்டைப் பார்த்து ஓடுமே, அந்தக் கதை.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். பார்க்க ஜிம்மி எல்லிஸோடு மோதியதை ரயிலேறிப் போய்ப் பார்த்த பெரியவர் ஒருவர் பெஞ்சில் இருந்தார். “இதெல்லாம் ஒரு சண்டையா தம்பி?” என்றார். ஐயா, அதுவும் காட்சிப் போட்டிதானே என்று வாய் வரைக்கும் வந்தது. டீயோடு விழுங்கிவிட்டேன்.

வேடிக்கை காட்டுவது இந்தத் தொழிலுக்குப் புதிதில்லை. மாறியது வரிசைதான். முன்பெல்லாம் ஜெயித்து ஜெயித்துப் பேர் எடுத்தவன் பின்னால் கூட்டம் வரும். இப்போது கூட்டத்தைப் போனிலேயே சேர்த்துக்கொண்டு வருகிறவனுக்கு முதல் பந்தி. ஹரியானாவின் நீரஜ் கோயத் பல வருடமாகத் தொழில்முறையில் அடி வாங்கி, அடி கொடுத்தவர். அன்று அந்தப் பெரிய மேடை அவருக்குக் கிடைத்ததே பிரேசில் காமெடி யூட்யூபர் ஒருவரோடு மோதத்தான். ஜெயித்தார். கடையில் யாரும் கவனிக்கவில்லை.

ஆனாலும் முழுசாகத் திட்ட மனசு வரவில்லை. டைசனுக்கு முந்தின சண்டை கேட்டி டெய்லருக்கும் அமாண்டா செரானோவுக்கும். பத்துச் சுற்று. தலையோடு தலை முட்டி செரானோவின் புருவம் கிழிந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது; அந்தப் பெண் குத்துவதை நிறுத்தவில்லை. டீ வாங்க வந்த பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அந்தப் புள்ளைக்கு யாராச்சும் தொடச்சு விடுங்கப்பா” என்றார். நடுவர்கள் மூவரும் 95-94 என்று டெய்லருக்குக் கொடுத்தபோது பூக்காரம்மாவுக்கு வந்ததே கோபம்! மாஸ்டர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

ஜேக் பால் ஜெயித்தபோது மாஸ்டர் வடை திருப்பிக்கொண்டிருந்தார்.