‘ரப்பி இல்லாத சமூகம்’ என்னும் சோம்பல் வாசகம்

கொச்சி யூதர்களைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது: அவர்களுக்கு ரப்பி இருந்ததில்லை, ஊர்ப் பெரியவர்களே வழிபாட்டை நடத்தினர். வாசகம் பிழையன்று. மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியிலும் ஏனைய மலபார்ப் பள்ளிகளிலும் முறைப்படி பட்டம் பெற்ற ரப்பி தலைமை வகிக்கும் வழக்கம் இருக்கவில்லை. கொச்சி அரசர் ஏற்ற யூதத் தலைவருக்கு ‘முதலியார்’ என்பதே பட்டம். அது உலகியல் தலைமை. பிழை, இந்த வாசகத்திலிருந்து வருவிக்கப்படும் முடிவுகளில் இருக்கிறது. ஒரு சாரார் இதைக் கல்விக் குறைவுக்குச் சான்றாகக் கொள்கின்றனர். மறுசாரார் குருமார் ஆதிக்கமற்ற சமத்துவத்துக்குச் சான்றாகக் கொள்கின்றனர். இரண்டுமே சான்றுகளோடு பொருந்தவில்லை.

வைப்பின் தீவை வடக்கிலிருந்து தெற்காகக் கடப்பவர் இச்சமூகத்தின் வரலாற்றையே கடக்கிறார். வடமுனையான முனம்பத்துக்கு அப்பால் கொடுங்ஙல்லூர். யூதர் அதைச் சிங்கிலி என்றனர். சேராயிக்குக் கிழக்கே பறவூரும் சேந்தமங்கலமும். தென்முனையில் படகேறினால் கொச்சிக் கோட்டை, அதையடுத்து மட்டாஞ்சேரி. 1341ஆம் ஆண்டின் பெரியாற்று வெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்தது என்பது மரபு. யூதர்களும் மெல்லத் தெற்கே நகர்ந்தனர். பரதேசிப் பள்ளி 1568இல் கட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த நீர்வழிகளைச் சுற்றி எட்டுப் பள்ளிகள் இருந்தன.

எட்டுப் பள்ளிகளிலும் ஓய்வுநாள்தோறும் தோரா வாசிக்கப்பட வேண்டும். தோராச் சுருளில் மெய்யெழுத்துகளே உள்ளன; உயிர்க்குறிகளும் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. வாசிப்பவர் இரண்டையும் மனத்தில் ஏற்றியிருக்க வேண்டும். புள்ளியிடாத, எகர ஏகார வேறுபாடு காட்டாத தமிழ் ஓலைச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்தப் பயிற்சியின் கடுமை விளங்கும். இளமையில் தொடங்காமல் அது கைகூடுவதில்லை. ஆகவே, எட்டுப் பள்ளிகள் நூற்றாண்டுகளாக இயங்கின என்பதே அங்கே குழந்தைக் கல்வி தலைமுறைதோறும் தவறாமல் நடந்தது என்பதற்கு முதற்சான்று. ‘பள்ளி’ என்னும் சொல்லே வழிபாட்டிடத்தையும் கற்குமிடத்தையும் ஒருங்கே குறிப்பது. இத்திஷ் மொழியின் ‘ஷூல்’ என்னும் சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு.

அக்கல்வியின் முறையும் கருதத்தக்கது. எபிரேய மூலத்தைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்துச் சொல்லும் மரபுக்குத் ‘தம்ஸீர்’ என்று பெயர். ‘தஃப்ஸீர்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. நம் பதவுரை மரபுக்கு நெருங்கிய உறவு. பேச்சுமொழியில் வழக்கொழிந்த பழைய வடிவங்கள் அதில் தங்கியிருப்பதை ஒஃபிரா கம்லியேலின் ஆய்வுகள் காட்டுகின்றன. திராவிட மொழியியல் பயிலும் ஒருவருக்கு இதைவிட அரிய தரவு எளிதில் வாய்க்காது. ஆயினும் தமிழகத்து மொழியியல் துறைகளில் இதன் பெயர்கூட அரிதாகவே ஒலிக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். மூலத்தை வாசிப்பதும் பொருள் சொல்வதும் தொடக்கக் கல்வியே. ரப்பிகளின் கல்வி தால்முதும் அதன் தருக்கமும் அல்லவா? இந்த அளவுகோல் பழையது. 12ஆம் நூற்றாண்டில் துதேலாவின் பெஞ்சமின், கொல்லத்து யூதர் மோசேயின் சட்டத்தையும் இறைவாக்கினரையும் அறிந்தவர்கள், தால்முதைச் சிறிதளவே அறிந்தவர்கள் என்று எழுதினார். மலபாரில் தால்முதுக் கல்லூரி எதுவும் தழைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ரப்பிகளின் இலக்கியத்தில் தருக்கம் ஒரு பாதி, கதை மறுபாதி. மித்ராஷ் எனப்படும் அந்தக் கதைச் செல்வம் கொச்சியில் பெண்களின் மலையாளப் பாடல்களில் வாழ்ந்தது. யோசேப்பு, மோசே, எஸ்தர் ஆகியோரைப் பாடும் அப்பாடல்களில் விவிலியத்தில் இல்லாத, ரப்பி மரபில் மட்டுமே காணப்படும் செய்திகள் பல உண்டு. பெண்கள் அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தனர். ஆண்கள் முன்னிலையிலும் தயங்காமல் பாடினர். அக்குரல்களைக் கேட்டே குழந்தைகள் வளர்ந்தனர். ரப்பி இல்லாத ஊரில் ரப்பிகளின் இலக்கியத்தைப் பெண்கள் காத்தனர். இதைக் ‘கல்விக் குறைவு’ என்பவர் கல்வி என்றால் ஆண்கள் கூடும் அறை என்று முன்கூட்டியே முடிவுகட்டியவர்.

இனி, மறுசாராரின் சமத்துவக் கனவு. 16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து ஒரு வினா கெய்ரோவுக்குச் சென்றது: சிறுபான்மையினர் சிலர், ஏனையோரை அடிமை வழிவந்தவர் என்று ஒதுக்கி மணவுறவு மறுக்கின்றனர், இது முறையா? பேரறிஞர் தாவீது இப்னு அபி சிம்ரா விடையெழுதினார்: உரிய முழுக்குச் சடங்குக்குப் பின் அவர்கள் முழு யூதர், மணவுறவுக்குத் தடையில்லை. அவருடைய மாணவர் யாக்கோபு காஸ்த்ரோவின் தீர்ப்பும் அதுவே. கொச்சிப் பெரியவர்கள் என்ன செய்தனர்? சடங்கு நுணுக்கங்களுக்குத் தொலைதூர நூல்களை நாடியவர்கள், இந்தத் தீர்ப்பை மட்டும் நடைமுறைக்கு விடவில்லை. உள்ளூரில் ரப்பி இல்லாமை இங்கே யாருக்குப் பயன்பட்டது என்பது வெளிப்படை. தீர்ப்பை வலியுறுத்த ஆளில்லாத இடத்தில் செல்வமும் பிறப்பும் சட்டமாயின.

பரதேசிப் பள்ளியில் ‘மெஷுஹ்ராரிம்’ எனப்பட்ட விடுவிக்கப்பட்டோர் வழித்தோன்றல்கள் அதே எபிரேயத்தைக் கற்றும், வாசிக்கும் மதிப்பைப் பெறவில்லை. இருக்கையிலும் சமமான இடம் பெறவில்லை. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967), ‘யூத காந்தி’ என்று அறியப்பட்டவர், சத்தியாக்கிரக வழியில் போராடித் தடைகளைப் படிப்படியாகத் தளர்த்தினார். அதே பிரிவில் பிறந்த ரூபி டேனியல் (1912–2002), இந்தப் பெண்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1995இல் தம் நினைவுநூலையும் வெளியிட்டார். விளிம்பில் அமர்த்தப்பட்ட குழந்தையே மரபின் காவலரானது. ரப்பி இல்லாமையால் கொச்சி இழந்தது கல்வியை அன்று, நீதியை.

ஆக, கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: குழந்தைக்குக் கற்பித்தவர் யார்? கற்ற குழந்தைகளுள் எக்குழந்தைக்கு வாசிக்கும் உரிமை மறுக்கப்பட்டது? ரப்பிகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஆய்வு இவ்விரண்டையும் தவறவிடுகிறது.

பறவூர், சேந்தமங்கலம் பள்ளிகள் இன்று அருங்காட்சியகங்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உள்ளமைப்பு எருசலேமில் காட்சிப்பொருள். பரதேசிப் பள்ளிக்கு வருவோர் சீனத்து ஓடுகளையும் தொங்கும் விளக்குகளையும் பார்த்துத் திரும்புகின்றனர். மரத்தையும் ஓட்டையும் காக்கப் பணமும் துறைகளும் உண்டு. தம்ஸீரைக் காக்க மனிதக் காதுகள் தேவை. 1954இல் பத்து வயதில் கொச்சியை விட்டு இஸ்ரேலுக்குச் சென்ற சிறுவர் சிறுமியர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். நெவாத்தீம், மெசிலத் சீயோன், தாவோஸ் முதலிய ஊர்களில் எஞ்சியிருப்போரின் நினைவில்தான் அந்தப் பள்ளிப்பாடம் இன்னும் ஒலிக்கிறது. ‘ரப்பி இருந்ததில்லை’ என்று இன்னொரு கட்டுரையைத் தொடங்குவதற்கு முன், அவர்களுள் ஒருவரிடம் சென்று, சிறுவயதில் கற்ற முதல் பாடத்தைச் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமை.