வரப்புக்கு ஒரு நீதிமன்றம், ஆற்றுக்கு?

காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் இரு விவசாயிகளுக்கு இடையே வரப்புத் தகராறு எழுந்தால், எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. நிலம் எங்கே இருக்கிறதோ, வழக்கும் அங்கேதான். காட்டுமன்னார்கோயிலில் உள்ள மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கும். வழக்கின் மதிப்பு கூடினால் சிதம்பரம் சார்பு நீதிமன்றம். அதற்கும் மேல் என்றால் கடலூர் மாவட்ட நீதிமன்றம். தீர்ப்பில் நிறைவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. சட்டப் புத்தகத்தைப் புரட்டியே பார்த்திராத கிராமத்துப் பெரியவர்களுக்கும் இந்தப் படிக்கட்டுகள் மனப்பாடம்.

ஆனால், அதே வரப்பை ஒட்டிய வாய்க்காலில் வரவேண்டிய தண்ணீர் வராமல் போனால் யாரிடம் முறையிடுவது? அந்த வாய்க்காலுக்கு வீராணம் ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறது. ஏரிக்கு வடவாறு வழியாகக் கீழணையிலிருந்தும், கீழணைக்குக் கொள்ளிடம் வழியாக மேட்டூரிலிருந்தும், மேட்டூருக்கு எல்லை கடந்து கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஏரி இது. ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்குப் பாசனமும், சென்னை மாநகருக்குக் குடிநீரும் தருகிறது. அதன் முழுக் கொள்ளளவு ஒன்றரை டிஎம்சிக்கும் சற்றுக் குறைவுதான். மேலே உள்ளவர்கள் திறந்தால்தான் அது நிறையும். அந்தத் தண்ணீருக்கான வழக்கை யார் விசாரிப்பது என்ற கேள்விக்கு விடை காணவே இந்த நாட்டுக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

ஒரு நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்கும் அதிகாரம் சட்டத்திலிருந்து மட்டுமே பிறக்கிறது. நீதிபதியின் நேர்மையோ, வழக்கின் நியாயமோ, மனுதாரரின் துயரமோ அதை உண்டாக்கிவிட முடியாது. இடம், மதிப்பு, பொருள் ஆகிய மூன்றையும் கொண்டு சட்டம் அந்த எல்லையை வரைகிறது. இவற்றுள் இடமும் மதிப்பும் சற்று நெகிழ்வானவை. எதிர்த்தரப்பு தொடக்கத்திலேயே ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், பிற்பாடு அதைக் காரணம் காட்டித் தீர்ப்பைக் கவிழ்ப்பது எளிதல்ல. பொருள் சார்ந்த அதிகாரம் அப்படிப்பட்டதன்று. விசாரிக்கவே அதிகாரமில்லாத நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பு செல்லாது என்பதையும், அந்தக் குறையைத் தீர்ப்பை நிறைவேற்றும் கட்டத்தில்கூட எழுப்பலாம் என்பதையும் கிரண் சிங் எதிர் சமன் பாஸ்வான் வழக்கில் 1954-இலேயே உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. இரு தரப்பும் மனமொத்துச் சம்மதித்தாலும் இல்லாத அதிகாரத்தை உண்டாக்க முடியாது.

சாதாரண உரிமையியல் வழக்குகளில் இதனால் பெரும் சிக்கல் நேர்வதில்லை. சட்டம் வெளிப்படையாகவோ உட்பொருளாகவோ தடுத்தாலன்றி எல்லா உரிமையியல் வழக்குகளையும் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு கூறுகிறது. அதாவது, கதவு திறந்தே இருக்கும். மூட வேண்டுமானால் அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளைப் பொருத்தவரை அத்தகைய தனிச் சட்டம் இருக்கிறது.

மாநிலங்களுக்கு இடையேயான வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு உச்சநீதிமன்றத்துக்கு வழங்குகிறது. ஆனால், நதிநீர்த் தகராறுகளில் உச்சநீதிமன்றம் உள்பட எந்த நீதிமன்றமும் தலையிடக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என 262-ஆவது பிரிவு கூறுகிறது. அதன்படி பிறந்ததுதான் 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறு சட்டம். அதன் 11-ஆவது பிரிவு நீதிமன்றங்களின் கதவை மூடியது. இது நேருவின் காலத்தில் திடீரென்று தோன்றிய சிந்தனை அல்ல. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலேயே இத்தகைய தடை இருந்தது.

அதில் நியாயமும் உண்டு. நிலத்துக்கு எல்லைக்கல் நடலாம். ஆற்றுக்கு நட முடியாது. மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீரியல், பயிர்முறை, அணைகளின் கொள்ளளவு எல்லாவற்றையும் ஆராய்ந்துதான் பங்கீடு செய்ய இயலும். ஆகவே, நீதிமன்றக் கூண்டுக்கு வெளியே ஒரு நடுவர் மன்றம் இதைச் செய்யட்டும் என்று அரசமைப்புச் சட்டத்தை வகுத்தோர் கருதினர். ஆனால், நடுவர் மன்றத்தின் கதவைத் திறக்கும் சாவியைச் சட்டம் மத்திய அரசிடம் கொடுத்தது. பேச்சுவார்த்தையால் தீராது என்று மத்திய அரசு கருதினால்தான் நடுவர் மன்றம் அமையும். மத்திய அரசு எதையும் கருதாமல் காலம் கடத்தினால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. காவிரிக்கு நேர்ந்தது அதுதான்.

1971-இல் தமிழகம் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பேச்சுவார்த்தையை நம்பி 1972-இல் அதைத் திரும்பப் பெற்றது. பேச்சுவார்த்தைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1983-இல் காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்சநீதிமன்றத்தை நாடியது. 1986-இல் தமிழக அரசு முறைப்படி நடுவர் மன்றம் கோரியது. 1990 மே 4 அன்று, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றத்தை அமைக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஜூன் 2 அன்று அது அமைந்தது.

அந்தத் தீர்ப்பின் நுட்பம் கவனிக்கத் தக்கது. தண்ணீரைப் பங்கிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. ஆனால், சட்டம் விதித்த கடமையைச் செய்யுமாறு அரசுக்குச் சொல்லும் அதிகாரம் உண்டு. மூடிய கதவைத் தானே திறக்க முடியாத நீதிமன்றம், சாவி வைத்திருப்பவரைத் திறக்கச் சொன்னது.

அடுத்த தடை உடனே வந்தது. தமிழகம் இடைக்கால நிவாரணம் கேட்டபோது, அதை வழங்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1991 ஜனவரியில் நடுவர் மன்றம் கூறிவிட்டது. விசாரிக்க அமைக்கப்பட்ட மன்றமே தன் கைகளைக் கட்டிக்கொண்டது. தமிழகம் மீண்டும் உச்சநீதிமன்றம் சென்றது. நீர்ப் பங்கீட்டில் தலையிடத் தடை இருந்தாலும், சட்டத்தின் பொருள் என்ன, நடுவர் மன்றத்தின் அதிகார எல்லை எது என்று இறுதியாகச் சொல்லும் உரிமை தனக்கே உண்டு என்று உச்சநீதிமன்றம் 1991 ஏப்ரல் 26-இல் கூறியது. இடைக்கால நிவாரணக் கோரிக்கையை விசாரிக்குமாறு நடுவர் மன்றத்தைப் பணித்தது. அதன் விளைவுதான் 205 டிஎம்சி தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேர வேண்டும் என்று 1991 ஜூன் 25-இல் பிறப்பிக்கப்பட்ட இடைக்கால ஆணை.

கர்நாடகம் அந்த ஆணையைச் செயலிழக்கச் செய்யும் நோக்கில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். ஒரு மாநிலம் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது, அந்த அவசரச் சட்டம் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று 1991 நவம்பர் 22-இல் விடை வந்தது.

நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-இல் வெளியானது. அரசிதழில் வெளியிடப்படவோ 2013 பிப்ரவரி ஆகிவிட்டது. இடையில் மாநிலங்கள் மேல்முறையீடு செய்திருந்தன. நடுவர் மன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடே செல்லாது என்ற வாதம் எழுந்தது. மீண்டும் அதே கேள்வி: யாருக்கு அதிகாரம்? அரசமைப்புச் சட்டத்தின் 136-ஆவது பிரிவு வழங்கிய மேல்முறையீட்டு அதிகாரத்தை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்துவிடவில்லை என்று 2016 டிசம்பர் 9-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகே வழக்கின் சாரத்துக்குள் நுழைய முடிந்தது. 2018 பிப்ரவரி 16-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டிய அளவு 192-இலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. குறைக்கப்பட்ட 14.75 டிஎம்சியில் 10 டிஎம்சி, தமிழகப் பகுதியில் உள்ள நிலத்தடி நீரைக் கருத்தில் கொண்டு குறைக்கப்பட்டது.

வீராணம் பாசனப் பகுதியைச் சேர்ந்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆற்றுநீர் வராத ஆண்டுகளில்தான் கடைமடை விவசாயி கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டார். கடலை நெருங்க நெருங்க அந்த நீரும் உவர்க்கும். யார் விசாரிப்பது என்று முடிவாகாத பத்தாண்டுகளில் அவர் செய்துகொண்ட மாற்று ஏற்பாடு, வழக்கு முடியும்போது அவருடைய வளமாகக் கணக்கில் ஏறியது. அதிகார வரம்பு குறித்த தாமதம் வெறும் தாமதமாக நிற்பதில்லை. வழக்கின் உண்மை நிலவரத்தையே அது மாற்றிவிடுகிறது.

அப்படியானால் உச்சநீதிமன்றமே நேரடியாக விசாரிக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது. கொலராடோ ஆற்றுக்காக அரிசோனா மாநிலம் கலிஃபோர்னியா மீது 1952-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த நீதிமன்றமும் தானே சாட்சிகளை விசாரிக்கவில்லை. தனி அலுவலர் ஒருவரை அமர்த்திச் சான்றுகளைத் திரட்டியது. தீர்ப்பு 1963-இல் வந்தது. ஆக, எந்த வழியில் சென்றாலும் நிபுணர்களின் உழைப்பும் சில ஆண்டுகளும் தேவைதான். எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்காக அங்கே இருபது ஆண்டுகள் செலவாகவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய வேறுபாடு.

நமது சட்டம் 2002-இல் திருத்தப்பட்டது. மாநிலம் கோரிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நடுவர் மன்றம் அமைய வேண்டும் என்ற வரம்பு சேர்க்கப்பட்டது. நடுவர் மன்றத்தின் முடிவு உச்சநீதிமன்ற ஆணைக்கு நிகரான வலிமை கொண்டது என்றும் சேர்க்கப்பட்டது. இதனால் நிலைமை மாறியதா என்பதற்குக் கடலூர் மாவட்டமே சாட்சி. மாவட்டத்தின் தெற்கே காவிரி நீர் பாய்கிறது என்றால், வடக்கே தென்பெண்ணை கடலில் கலக்கிறது. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழகம் 2018-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நடுவர் மன்றம் கோரி மத்திய அரசை அணுகலாம் என்று 2019 நவம்பரில் நீதிமன்றம் கூறியது. தமிழகம் அந்த மாதமே கோரியது. மத்திய அரசு பேச்சுவார்த்தைக் குழுவை அமைத்தது. ஓராண்டு என்ற வரம்பைத் தாண்டிப் பல ஆண்டுகள் கூட்டம், அறிக்கை, வாய்தா என்று ஓடின. காவிரியில் கற்ற பாடம் பெண்ணையாற்றுக்குப் பயன்படவில்லை.

2019-இல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா, ஆற்றுக்கு ஒரு நடுவர் மன்றம் என்பதற்குப் பதிலாக நிரந்தரமான ஒரே நடுவர் மன்றம் என்ற யோசனையை முன்வைத்தது. மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை. மாநில உரிமைகள் சார்ந்த ஆட்சேபங்கள் அதன்மீது இருந்தன. அவை புறக்கணிக்கத் தக்கவை அல்ல. எனினும், நிரந்தர அமைப்பு என்ற கருத்தை முழுவதுமாகக் கைவிடுவது சரியாகாது என்பது என் கருத்து. வரப்புத் தகராறுக்கான நீதிமன்றத்தை வழக்கு வந்த பிறகு யாரும் கட்டுவதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது.

சட்டத்தில் உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஓராண்டுக்குள் மத்திய அரசு முடிவெடுக்காவிட்டால், பேச்சுவார்த்தை தோற்றதாகவே கருதப்பட்டுத் தகராறு தானாக நடுவர் மன்றத்துக்குச் செல்ல வேண்டும். விளைவு எதுவும் சொல்லாத காலவரம்பு வெறும் வேண்டுகோள்தான். மேல்முறையீட்டையும் மறைமுகமாக வைத்திருப்பதில் பயனில்லை. உச்சநீதிமன்றத்தின் 136-ஆவது பிரிவு அதிகாரத்தைச் சாதாரணச் சட்டத்தால் அகற்ற முடியாது என்பது 2016-இல் தெளிவாகிவிட்டது. ஆகவே, எந்தெந்தச் சட்டக் கேள்விகளுக்கு, எத்தனை நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதைச் சட்டமே சொல்லிவிடலாம்.

இதில் நமது மாநிலத்துக்கும் பங்கு இருக்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவர் மன்றம் கோரும் உரிமை மாநில அரசுக்கு மட்டுமே உண்டு, விவசாயிக்கு இல்லை. காவிரி மேலாண்மை ஆணையம் கர்நாடகம் திறந்துவிடும் நீரை அளப்பது பிலிகுண்டுலுவில். அங்கிருந்து கீழணை வரையிலான நெடுந்தொலைவில் தண்ணீரைப் பகிர்ந்து கொடுப்பது தமிழக அரசின் பொறுப்பு. டெல்லியில் நமக்காக வாதாடும் அரசு, கீழணைக்கும் வீராணத்துக்கும் கடைமடை வாய்க்கால்களுக்கும் எப்போது, எவ்வளவு நீர் வழங்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிவித்து, வழங்கிய அளவையும் நாள்தோறும் பொதுவெளியில் வைக்க வேண்டும். பங்கு குறைந்தால் பாசன விவசாயிகள் முறையிடுவதற்கு மாவட்ட அளவில், கால வரம்புடன் முடிவு சொல்லும் அமைப்பு ஒன்றும் வேண்டும். அண்டை மாநிலத்திடம் நாம் கேட்கும் வெளிப்படைத்தன்மையை நம் கடைமடைக்கு நாமே மறுப்பது முறையாகாது.

1971-இல் தொடுத்த வழக்குக்கு 2018-இல் விடை வந்தது. இடைப்பட்ட 47 ஆண்டுகளில் பெரும்பகுதி, தண்ணீர் எவ்வளவு என்ற கேள்வியில் கழியவில்லை. யார் சொல்வது என்ற கேள்வியில் கழிந்தது. தென்பெண்ணைக் கரையில் அதே கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. நதிநீர்ச் சட்டத்தில் ஒரேயொரு திருத்தம் செய்ய நாடாளுமன்றத்துக்கு மனம் இருக்குமானால், கடந்துபோன அந்த ஓராண்டு வரம்புக்கு உயிர் கொடுப்பதாக அது இருக்கட்டும்.