தேசிக்காய் போன வழி

விடுமுறை வந்துவிட்டால், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வதென்பது பெற்றோர்க்குப் பெரியதொரு கேள்வியாகி விடுகின்றது. கடற்கரை, கோயில், உறவினர் வீடு என்று முடிந்துவிடும் பட்டியலில் மற்றுமோர் இடத்தையும் சேர்த்துக் கொள்ளும்படி இவ்வாரம் நாம் வேண்டுகின்றோம். யாழ்ப்பாணத்திலே, புத்தூரை அடுத்த நவக்கிரியில், தெருவோரமாக இருக்கும் நிலாவரைதான் அது.

அங்கே பார்ப்பதற்கு என்ன உண்டு? ஏறத்தாழச் சதுரமாக வாய் திறந்து கிடக்கும் ஒரு பெருங்கிணறு. சுற்றிலும் சுண்ணக்கற் பாறை. உள்ளே அசைவற்ற கரும்பச்சை நீர். பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதனைப் பற்றி வழங்கும் கதைகளைக் கேட்டு முடிக்கப் பத்து நிமிடம் போதாது. இலங்கைக்கு வந்த இராமபிரான், வானர சேனையின் தாகந் தீர்க்க அம்பெய்து உண்டாக்கிய ஊற்று இது என்பர். அடியே இல்லாத கிணறு என்பர். இங்கே ஒரு தேசிக்காயைப் போட்டால் அது நிலத்தின் கீழே சென்று கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றுங் கூறுவர்.

சிறுவர் சிலருடன் நாம் அங்கு சென்றிருந்தபோது, இந்தத் தேசிக்காய்க் கதையே அவர்களை ஆட்கொண்டது. கூட வந்த மூதாட்டியார் கதையைச் சொல்லி முடித்ததும், எட்டு வயதுச் சிறுமி, “அம்மம்மா, ஆராவது போட்டுப் பாத்தவையோ?” என்று கேட்டாள். “எங்கட ஆச்சி சொன்னவ, பிள்ளை” என்றார் அவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய தமையனோ, “அதெல்லாம் சும்மா கதை” என்று சொல்லிவிட்டு அப்பால் நடந்தான். சிறுமியின் முகம் வாடிவிட்டது. மூதாட்டியாரும் மௌனமானார்.

தமையன் கூறியது சரியா? அவன் பாதி வழியிலே நின்றுவிட்டான் என்பதே நமது எண்ணம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நிலம். மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பிளவுகளையும் குகைகளையும் உண்டாக்குகின்றது. குகையின் கூரை இடிந்து விழுமிடத்தில் நிலம் வாய் திறக்கின்றது. நிலாவரை அவ்வாறு தோன்றியதே. ஊரெழுவிலுள்ள பொக்கணையும் இவ்வினத்தைச் சேர்ந்ததாம். அடியில்லாக் கிணறு என்றாலும் இதன் ஆழத்தை அளந்திருக்கின்றனர். அது 150 அடிக்கு மேற்பட்டது. மேலே உள்ளது நன்னீர். ஆழஞ் செல்லச் செல்ல உப்பு மிகுந்துகொண்டே போகும்.

கடல்நீரிலும் நன்னீர் பாரங் குறைந்ததாதலால், நிலத்தின் கீழே அதன்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இந்த நீர் கல்லின் பிளவுகளூடாக மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்கின்றது. கீரிமலையிலே, கடலலை வந்து மோதும் கரையோரத்தில், நன்னீர் ஊறுவதும் இதனாலேயே. தேசிக்காய் போனதோ இல்லையோ, நிலத்தின் கீழே நீருக்கு வழியுண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வறிவைப் பிள்ளைகள் மறவாதபடி ஒரு தேசிக்காயில் வைத்துக் கொடுத்தனர் என்று நாம் ஏன் கொள்ளலாகாது?

இதனை அறிந்துகொள்ளுதல் வெறும் பொழுதுபோக்கன்று. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டுக்கு மாரி மழையும் கிணறுமே கதி. வேண்டிய அளவுக்கு மேல் இயந்திரம் வைத்து இறைத்தால், மேலே நிற்கும் நன்னீர் மெலியக் கீழேயுள்ள உவர்நீர் மேலெழும். ஓரடி நன்னீர் குறைந்தால் அடியிலே 40 அடி குறையுமன்றோ? தோட்டத்திலே அளவின்றி இடும் உரத்தின் நைத்திரேற்றும், மலக்குழிகளின் கழிவும், கல்லின் பிளவு வழியே நீரோடு கலக்கின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டு கூறியுள்ளனர். ஒருவர் வளவில் விழுந்தது மற்றொருவர் வாளியில் வரும். தேசிக்காய்க் கதை கூறுவதும் இதுவே.

இவற்றையெல்லாம் அக்கிணற்றடியிலேயே அண்ணனுக்கும் தங்கைக்கும் எடுத்துரைத்தோம். சிறிது நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்த சிறுமி, கரையோரம் மிதந்த பிளாத்திக்குப் போத்தல் ஒன்றைக் காட்டி, “அப்ப இதும் கீரிமலைக்குப் போகுமோ?” என்றாள். தமையன் நகைக்கவில்லை. ஒரு தடி தேடி எடுத்து வந்து அதனைக் கரைக்கு இழுத்தான். மூதாட்டியார், “கவனம், தம்பி” என்று அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுதான். பிள்ளைகளை நிலாவரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர் ஆழமானதாதலால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்ன கதையை முதலிலும், பள்ளியிற் கற்ற பாடத்தை அதன் பின்னும் சொல்லுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. வீடு திரும்பியதும் உங்கள் வளவுக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் செய்யுங்கள். அதிலுள்ளதும் அந்த நீர்தான்.