பன்றிக்குத் தெரியுமா பம்ப் ஆக்‌ஷன்?

நம் ஆட்கள் எதை வாங்கப் போனாலும் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வி: "இதிலேயே கம்மி விலையில இருக்கா?" கடைக்காரர் எடுத்துப் போட்டதும் அடுத்த கேள்வி: "இதிலேயே இன்னும் நல்லதா இருக்கா?" சட்டை, செருப்பு, மிக்ஸி, மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் இதே கேள்விகள்தான். கள்ளக்குறிச்சி மாமா ஒருத்தர் இதைத் துப்பாக்கிக்குக் கேட்டார்.

மாமாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். பரமசாது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிறார். ராத்திரியானால் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கிவிடுகிறது. தின்றது பாதி, கிளறிப் போட்டது பாதி. காலையில் போய்ப் பார்த்தால் யாரோ டிராக்டர் ஓட்டின மாதிரி இருக்கிறதாம்.

"மாப்ளே, பம்ப் ஆக்‌ஷன்னு ஒண்ணு இருக்காமே, சினிமால 'சக் சக்'னு இழுப்பானே... அதுல சாதா எது, ஒசத்தி எது, பாத்துச் சொல்லேன்."

பார்த்தேன். ஆபீஸ் நேரத்தில்தான். (மேனேஜர் இந்தப் பத்திரிகை படிக்க மாட்டார்.)

முதலில் அந்த 'சக் சக்'. குழலுக்குக் கீழே ஒரு கைப்பிடி இருக்கிறது. பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். அவ்வளவுதான். நம் ஊர் அடிபம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி.

'12 போர்' என்கிறார்களே, அது குழல் வாயின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டை பிடித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிசோ, அவ்வளவு அகலம். கிட்டத்தட்ட பதினெட்டரை மில்லிமீட்டர். நம்பர் குறையக் குறைய வாய் பெரிசாகும். சில அதிகாரிகளைப் போல.

இந்த ரகத்தில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் ரெமிங்டன் 870. 1950-ல் வந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதில் உசத்தி மாடலுக்கு 'விங்மாஸ்டர்' என்று பெயர். வால்நட் மரக்கட்டை, முகம் பார்க்கிற அளவுக்கு நீலப் பாலிஷ். 1987-ல் 'எக்ஸ்பிரஸ்' என்று மலிவு மாடல் விட்டார்கள். மட்டமான மரம், மங்கலான பூச்சு. உள்ளே இருக்கிற மெஷின்? அடிப்படையில் ஒன்றேதான். கூடக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு பாலிஷுக்கு! சுடப்படுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை.

(இவ்வளவு விற்ற ரெமிங்டன் கம்பெனி 2018-ல் ஒரு தடவை, 2020-ல் இன்னொரு தடவை திவால் கோர்ட்டுக்குப் போனது. அதற்கு மட்டும் பம்ப் ஆக்‌ஷன் இல்லை.)

சரி, அமெரிக்காக்காரன் கடைக்குப் போய்க் கேட்பான். மாமா எங்கே போவார்? வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது, விளையாட்டு வீரர்கள் மாதிரி சிலரைத் தவிர, சாதாரண ஆளுக்கு ரொம்ப வருஷமாகவே ஆகாத காரியம். நம் நாட்டுத் தொழிற்சாலைகள் செய்கிற துப்பாக்கிதான். அதுவும் கவுன்ட்டரில் காசைக் கொடுத்து வாங்குகிற சரக்கில்லை. முதலில் லைசென்ஸ். வயசு 21 முடிந்திருக்க வேண்டும், மனு போட வேண்டும், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ். இத்தனையும் முடிந்து கிடைத்தாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நடத்தை விதிமுறை அமலில் இருப்பது பன்றிக்குத் தெரியாது.

இதில் ஒரு தமாஷ். சாதாவா, உசத்தியா என்று நாம் மண்டையைப் பிய்த்துக் கொள்கிறோம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் அதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. 13-வது பிரிவைப் பாருங்கள். பயிரைக் காப்பாற்ற விவசாயிக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய ரகத் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு நல்ல துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அதாவது சாதா, ஸ்பெஷல் சாதா!

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இவ்ளோ எதுக்கு மாப்ளே? மேல மலையில நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு கம்மி விலைக்கு வருதாம். பேப்பரும் வேணாம், ஒண்ணும் வேணாம்..."

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. மலையிலேயே சாதாவும் உசத்தியும் உண்டு. வெள்ளிமலை, கரியாலூர் எல்லாம் அருமையான ஊர்கள். மலையாளி என்கிற பழங்குடி மக்கள் சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய் என்று காட்டோடு பிழைக்கிற பூமி. அங்கே நாட்டுத் துப்பாக்கி ஒரு தீராத தலைவலி. போலீஸார் ஊர் ஊராகப் போய், "தானாகக் கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள், கேஸ் இல்லை" என்று சொல்லிப் பார்க்கிறார்கள். கொடுத்த துப்பாக்கிகளை விறகுக் கட்டு மாதிரி வரிசையாக அடுக்கிப் போட்டோ வரும். பார்த்தால் துப்பாக்கி மாதிரியே இருக்காது. தண்ணிக் குழாயை யாரோ கோபத்தில் பிடுங்கின மாதிரி இருக்கும்.

தொழிற்சாலைத் துப்பாக்கி ஒவ்வொன்றையும் அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்குகிறதா என்று சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தச் சோதனையைச் செய்யப் போவது யார்? வாங்கினவர்தான். குழல் தாங்கவில்லை என்றால் போவது அவர் விரல், அவர் கண்.

தாங்கிவிட்டால் அது இன்னும் மோசம். இருட்டில் புதர் அசைகிறது. பன்றி என்று நினைத்துச் சுட்டால் உள்ளே பாய்வது ஒரு கைப்பிடி பால்ரஸ் குண்டு. புதரில் இருந்தது பக்கத்துக் காட்டுக்காரர் என்று விடிந்த பிறகுதான் தெரியும். இந்தச் செய்தியை நீங்களும் பேப்பரில் எத்தனையோ தடவை படித்துவிட்டு, அடுத்த பக்கத்து சினிமா விளம்பரத்துக்குப் போயிருப்பீர்கள்.

விலைக்கு வருவோம். 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். ஆக, மாமா கேட்ட "கம்மி விலை" இதுதான்: கையில் சில ஆயிரம், மீதியை மாதத் தவணையில் கடலூர் ஜெயிலில் கட்டலாம்.

"அப்ப லைசென்ஸ் வாங்கி நல்லதாவே வாங்கிடறேன். அதால சுடலாமில்ல?"

சுட முடியாது மாமா! காட்டுப்பன்றி 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ், பன்றிக்கு இல்லை. உங்கள் விங்மாஸ்டரை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடியது வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டுவது. அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு பாலிஷ் எதற்கு?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால் என்றால் வனத்துறை ஆட்களே சுடலாம். மாமாவின் காடு முதல் கிலோமீட்டரில் இருக்கிறது. பன்றிகள் டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு வந்த மாதிரி.

சிரிக்கிறோம். ஆனால் மாமாவின் கணக்கு சிரிக்கிற கணக்கில்லை. பத்து மாதம் காத்திருந்து தோண்டுகிற கிழங்கு ஒரே ராத்திரியில் போகிறது. நஷ்ட ஈட்டுக்கு மனு எழுதி, போட்டோ எடுத்து, அலைந்து வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் "பேப்பர் வேணாம்" என்கிற குரல் அவ்வளவு இனிமையாகக் காதில் விழுகிறது. மலையில் இருக்கிற நாட்டுத் துப்பாக்கியைப் பிடுங்குவதற்குப் போலீஸ் போதும். அதை வாங்கத் தோன்றாமல் செய்வதற்கு, நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும்.

மாமா அந்த மலைச் சரக்கை வாங்கவில்லை. மனு எழுதிக் கொடுத்தேன், வனத்துறை ஆபீஸுக்குப் போயிருக்கிறார். ராத்திரி டார்ச்சும் தகர டின்னுமாகக் காவல் இருக்கிறார்.

உங்கள் ஊர்ப்பக்கம் எந்தப் பரணிலாவது தாத்தா காலத்துக் குழல் ஒன்று சாக்கில் சுற்றிக் கிடந்தால், ஊர்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

தினைப்புனம் காத்த வள்ளியிடம் இருந்தது ஒரு கவணும் 'ஆலோலம்' என்கிற குரலும்தான். லைசென்ஸும் கேட்கவில்லை, கேஸும் இல்லை. மாப்பிள்ளை வேறு தானாகத் தேடி வந்தார்.