பாதி வீடு

'பாதி வீடுதான் கட்டித் தருவோம், மீதி உங்க பாடு' என்று ஒரு பில்டர் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பீர்கள். சிலி நாட்டின் இகிகே நகரில் 2004-ல் இதையே செய்து பெயர் வாங்கினார் ஆர்க்கிடெக்ட் அலெஹாந்த்ரோ அரவேனா.

ஊர் நடுவே அரை ஹெக்டேர் குடிசைப் பகுதி, சுமார் 100 குடும்பங்கள். அரசு மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர், நிலத்துக்கும் சேர்த்து! தனி வீடு கேட்டால் ஊருக்கு வெளியே, பொட்டலில்தான் கட்ட முடியும். வேலைக்கும் ஸ்கூலுக்கும் யார் அலைவது? அடுக்குமாடி என்றால் உண்ணாவிரதம் என்றார்கள். நியாயம்தான். அதில் பின்னால் ஒரு ரூம்கூட இழுத்துக் கட்ட முடியாதே.

அதனால் வரிசை வீடுகள், நடுநடுவே காலி இடம். எந்தப் பாதியை அரசு கட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம். கிச்சன், பாத்ரூம், மாடிப்படி, பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர். அதாவது, சொதப்பினால் ஜென்மத்துக்கும் திருத்த முடியாத ஐட்டங்கள். பெட்ரூமைக் கையில் காசு புரளும்போது அவரவரே கட்டிக்கொள்ளலாம். 36 சதுர மீட்டர் வீடு சுமார் 70 வரை வளரும்.

ஏழைக்கு மட்டும் ஏன் பாதி என்று கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அங்கே பேச்சு பாதியா, முழுசா என்பதல்ல. ஊருக்குள்ளேயா, வெளியேயா என்பது.

2016-ல் அரவேனாவுக்கு ப்ரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. வீட்டுக்காரர்கள் கட்டிய பாதிகளில் ஜன்னலும் பெயின்ட்டும்தான் ஒன்றோடொன்று சுத்தமாக மேட்ச் ஆகவில்லை.